சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுப்பவர்கள் மின்சிக்கனத்தை முதலில் தங்கள் வீட்டில் கடைப்பிடிக்க வேண்டாமா?

கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்பதற்காக மட்டும் இல்லை. செய்து பார்க்காதவர் சொல்லும் யோசனை பெரும்பாலும் தப்பான இடத்தைக் காட்டும். என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் காரணம்.

மேடைதோறும் கேட்கும் அறிவுரை ஒன்று: போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விடாதீர்கள். இப்போது வரும் நல்ல சார்ஜர்கள் போன் மாட்டாமல் சும்மா இருக்கும்போது 0.1 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். வருடம் முழுக்க அப்படியே விட்டாலும் ஒரு யூனிட்டை ஒட்டித்தான் வரும். 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினாலே அந்த ஒரு யூனிட் போய்விடும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடாக்கக் கிட்டத்தட்ட 0.44 யூனிட் வேண்டும். இது இயற்பியல் கணக்கு, காயில் வைத்துச் சூடாக்கும் எந்தக் கம்பெனி ஹீட்டரும் இதற்குக் கீழே போகாது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரை மணிக்கணக்கில் ஓடவிடுபவர் சிக்கனமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம், மீட்டர் அப்படி நினைக்காது. சூடாக்குவது, குளிரவைப்பது, பயணம் போவது: பெரும் செலவு இந்த மூன்றில்தான். 9 வாட் எல்.இ.டி. பல்பு ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.045 யூனிட். அணைப்பது நல்லதுதான், ஆனால் பிரசாரத்தை அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

சொந்த வீட்டைத் தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதை மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 3200 என்பது பரவலாகக் காணக்கூடிய எண். இரவில் விளக்கு, விசிறி, டி.வி. எல்லாவற்றையும் நீங்கள் வழக்கமாக அணைப்பதுபோல் அணையுங்கள். ஃப்ரிட்ஜின் பிளக்கையும் கொஞ்ச நேரம் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரசர் நடுவில் ஓடிக் கணக்கைக் கெடுக்கும். இப்போது ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்று பாருங்கள். 3200 மீட்டராக இருந்தால் 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் கிடைக்கும். 45 விநாடிக்கு ஒருமுறை சிமிட்டினால் 25 வாட். எல்லாம் அணைந்த பிறகும் ஏதோ 25 வாட் இழுக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு 219 யூனிட். அது எது என்று ஒவ்வொரு பிளக்காக எடுத்துப் பார்த்தால், ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸோ ஹோம் தியேட்டரோ பிடிபடும். இதைத் தன் வீட்டில் செய்தவர் கூட்டத்தில் சார்ஜரைப் பற்றிப் பேச மாட்டார்.

செய்து பார்த்தவருக்கு எங்கே சறுக்கும் என்பதும் தெரியும். "பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு (எலக்ட்ரானிக் சர்க்யூட்டால் ஓடும் மோட்டார் உள்ள விசிறி) மாறுங்கள்" என்பது நல்ல யோசனை: சாதாரண விசிறி முழு வேகத்தில் 70, 75 வாட் எடுக்கும், இது 30 வாட் அளவில் முடித்துவிடும். ஆனால் சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்பு கொடுக்காமல் மாட்டினால் விசிறி உறுமும், உள்ளே இருக்கும் சர்க்யூட்டும் கெட்டுப்போகலாம். அதேபோல் காற்றே போகாத மூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் எல்.இ.டி. பல்பைப் போட்டால், சூட்டில் அதன் டிரைவர் (பல்புக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட்) சீக்கிரம் போய்விடும். இதைச் சொல்லாமல் யோசனையை மட்டும் சொன்னால், கேட்டவர் காசு செலவழித்து, பொருள் கெட்டு, அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார். அதில் அவர் மீது தப்பே இல்லை.

நம்பிக்கை விஷயத்தில் ஆய்வுகளும் இருக்கின்றன. 2016இல் ஷாஜீன் அட்டாரியும் சக ஆய்வாளர்களும் இணையவழிக் கருத்தாய்வுகளின் முடிவை வெளியிட்டார்கள். அறிவுரை சொல்லும் விஞ்ஞானியின் சொந்தக் கார்பன் அளவு (அவர் வாழும் விதத்தால் வெளியாகும் கார்பன்) பெரியது என்று சொல்லப்பட்டபோது அவர் மீதான நம்பிக்கை வெகுவாகக் குறைந்தது. கேட்டவர்கள் தங்கள் உபயோகத்தைக் குறைக்கும் எண்ணமும் குறைந்தது. பருவநிலை மாற்றம் முக்கியம் என்று நம்புகிறவர்களிடமும் இதே நிலைதான். தன்னைத் திருத்திக்கொண்டவர் இழந்த நம்பிக்கையில் ஒரு பங்கையாவது மீட்க முடிகிறது என்று அவர்களின் 2019 ஆய்வு காட்டியது. 2018இல் வந்த இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சோலார் பலகை போடவைக்கும் இயக்கத்தைப் பற்றியது. அந்தத் திட்டத்திலேயே தன் வீட்டுக்கும் பலகை போட்ட ஒருங்கிணைப்பாளர்கள், போடாதவர்களைவிட 62.8 சதவீதம் அதிகமானவர்களைச் சேர்த்திருந்தார்கள்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. பருவநிலை மாற்றம் பற்றிப் பிரசாரம் செய்த அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் வீடு 2006இல் ஏறக்குறைய 2,21,000 யூனிட் செலவழித்தது என்று 2007இல் பெரிய சர்ச்சை வந்தது. அதனால் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் தன்மை மாறிவிடவில்லை. சொன்னவரின் மின்கட்டண ரசீதை வைத்து அறிவியலைத் தள்ளுபடி செய்ய முடியாது. அந்த வீட்டில் சோலாரும் நிலவெப்ப அமைப்பும் வந்து, அதே ஆண்டு முடிவதற்குள் பசுமைக் கட்டடத்துக்கான தங்கச் சான்றும் கிடைத்தது. ஆனாலும் பலர் மனதில் தங்கியது முதலில் வந்த எண்தான்.

பயணத்தைத்தான் நிறைய ஆர்வலர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. விமானத்தில் சாதாரண வகுப்புப் பயணி ஒருவருக்கு 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எரிபொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 16,000 கிலோமீட்டர் என்றால் 480 லிட்டர். லிட்டருக்கு 2.5 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் 1.2 டன். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ வெளியிடும் என்று எடுத்தால் இது 1200 யூனிட்டுக்குச் சமம். மேலே பார்த்த அந்த 25 வாட் ஒழுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் ஓடினால் ஆகும் அளவு. மின்சிக்கனம் பற்றிய மாநாட்டுக்கே இப்படிப் பறந்து போகிறவர் வீட்டுக் கணக்கை மட்டும் காட்டினால் அது பாதி உண்மை. கணக்கின் எல்லையும் முக்கியம். 2019இல் ஸ்வீடனின் இளம் பருவநிலை ஆர்வலர் கிரேட்டா துன்பர்க் விமானத்தைத் தவிர்த்து நியூயார்க்குக்குப் பாய்மரப் படகில் போனபோது, படகைத் திருப்பி ஓட்டிவர மாலுமிகள் விமானத்தில் போனார்கள் என்ற விமர்சனம் உடனே வந்தது.

எனவே எண்களை நீங்களே முதலில் வெளியிடுங்கள். பன்னிரண்டு மாத யூனிட், வீட்டில் எத்தனை பேர், அந்த ஆண்டு எத்தனை கிலோமீட்டர் விமானப் பயணம்: இவ்வளவு போதும். ஒப்பிடும்போது போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் வெயில் குறைந்ததை உங்கள் சாதனையாகக் காட்டுவீர்கள். வாடகை வீடு, நோயாளிக்கான கருவி என்று குறைக்க முடியாதவை இருந்தால் அதையும் எழுதுங்கள். ஏற்கெனவே கொஞ்சமாகச் செலவழிக்கும் வீட்டில் போய் சிக்கனம் பேச வேண்டாம்.

சோலார் போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாதம் 300 யூனிட் உற்பத்தி, வெளியிலிருந்து வாங்கியது 150, வெளியே கொடுத்தது 120 என்றால் ரசீதில் 30 யூனிட் என்றுதான் நிற்கும். வீடு உண்மையில் செலவழித்தது 330. வெளியிட வேண்டியது அந்த 330ஐ, பக்கத்திலேயே உற்பத்தி 300 என்றும் எழுதி.