ஆக்ஸில் ஜிபிஎஸ் மாட்டியதும் வரும் கீச்சொலி

ஜிபிஎஸ்ஸை ஆக்ஸ் ஒயரில் (வெளிக் கருவியின் ஒலியை உள்ளே கொடுக்கும் ஒயர்) பைக்கின் ஆடியோவோடு இணைத்ததிலிருந்து ஒரு கீச்சொலி, ஆக்ஸிலரேட்டரை முறுக்க முறுக்க அதுவும் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம், ஜிபிஎஸ்ஸைத் திட்டாதீர்கள். இது பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான், அதாவது இரண்டு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாக்கும் வளையம்.

என்ஜின் ஓடும்போதே சார்ஜர் ஒயரை மட்டும் பிடுங்கி, ஜிபிஎஸ்ஸை அதன் சொந்த பேட்டரியில் ஓட விடுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் குற்றவாளி சார்ஜர் பக்கம். சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆடியோ ஒயர் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவே ஓடும் சிறு மின்னோட்டம் ஆல்டர்னேட்டரின் (என்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் பாகம்) இரைச்சலை ஆம்ப்ளிஃபயருக்குள் கொண்டுபோய் விடுகிறது.

சார்ஜரின் நெகட்டிவை ஆடியோ யூனிட் எர்த் ஆகும் அதே இடத்தில் கொடுத்துப் பாருங்கள். சில சமயம் அதுவே போதும், காசும் மிச்சம். அடங்காவிட்டால் ஆக்ஸ் ஒயருக்கு நடுவே 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று போடுங்கள். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். ஒலி தாண்டும், எர்த் தாண்டாது. மலிவானதில் பாஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, கொஞ்சம் குறையும். வழி சொல்லும் குரலுக்கு பாஸ் எதற்கு? ஐசோலேட்டரை ஃபேரிங்குக்குள் (பைக்கின் வெளி உறைக்குள்), தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் இழுபடுகிறதா என்று பார்த்த பிறகே கேபிள் டை போட்டுக் கட்டுங்கள்.

அப்புறம், ரேடியோ ஓடும்போது ஜிபிஎஸ் குரல் வராதது கோளாறு இல்லை. பல யூனிட்களில் ஆக்ஸ் என்பது தனி சோர்ஸ், ரேடியோவோடு கலக்காது. பாட்டும் ஜிபிஎஸ்ஸிலிருந்தே வந்தால் இரண்டும் கேட்கும்.