ரோமியோவை ஏன் துயர நாயகன் என்கிறார்கள்? அவசரப்பட்டு உயிரை விட்ட விடலைப் பையன்தானே அவன்?

கல்லூரியில் முதல் வருடம் ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் எனக்குப் பாடமாக இருந்தது. அப்போது யாராவது இதைக் கேட்டிருந்தால் நானும் 'ஆமாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோசலின் என்ற பெண்ணுக்காக உருகுகிறான். அன்றிரவே ஜூலியட்டைப் பார்த்ததும் அவளை மறந்துவிடுகிறான். திங்கள் மதியம் கல்யாணம். வியாழன் விடிவதற்குள் சாவு. இதில் நாயகன் எங்கே வந்தான் என்றுதான் நினைத்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது ஒரு விடுதிச் சண்டை. இரண்டாம் வருடம் என் அறைத்தோழனுக்கும் இன்னொருவனுக்கும் கைகலப்பு ஆகிவிட்டது. விலக்கிவிடப் போனேன். நம் ஆளைத்தானே உரிமையோடு பிடிக்க முடியும்? பின்னாலிருந்து அவன் கைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அசைய முடியாமல் நின்றவன் முகத்தில் எதிராளி ஓங்கிக் குத்தினான். முன்பல் பாதி உடைந்துபோனது. வாயில் ரத்தத்தோடு என் பக்கம் திரும்பி, "நீ ஏன்டா பிடிச்ச?" என்று கேட்டான். "நல்லதுக்குத்தான்டா பிடிச்சேன்" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த நாடகத்தை மறுபடி எடுத்தபோது மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியில் அதே கேள்வியும் அதே பதிலும் இருந்தன. அன்றிலிருந்து என்னைப் பொறுத்தவரை ரோமியோவின் கதை காதலர்கள் பேசிக்கொள்ளும் மாடத்தில் நடப்பதல்ல, அந்தக் காட்சியின் தெருவில் நடப்பது.

கொளுத்தும் வெயில் நேரம். ஜூலியட்டின் தாய்மாமன் மகன் டிபால்ட், ரோமியோவைத் தேடிக்கொண்டு வருகிறான். முந்தைய இரவு தங்கள் வீட்டு விருந்தில் பகைக் குடும்பத்துப் பையன் முகமூடியோடு நுழைந்துவிட்டான் என்ற ஆத்திரம். ஆளைப் பார்த்ததும் 'அயோக்கியன்' என்கிறான். வெரோனா நகரத்தில் அந்த வார்த்தைக்கு ஒரே பதில் வாள்தான். ரோமியோ வாளைத் தொடவில்லை. கேபுலெட் என்ற உன் குடும்பப் பெயர் என் சொந்தப் பெயரைப் போலவே எனக்கு அருமையானது, காரணம் பிறகு உனக்குத் தெரியவரும் என்கிறான். அவனுக்கும் ஜூலியட்டுக்கும் திருமணம் முடிந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. அதை வெளியே சொல்ல முடியாது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். நாடகம் தொடங்குவதே இரண்டு வீட்டு வேலைக்காரர்கள் தெருவில் அடித்துக்கொள்வதில்தான். வயதான குடும்பத் தலைவர்கள்கூடச் சண்டைக்குப் பாய்கிறார்கள். இனி தெருவில் சண்டை போட்டால் உயிர் போகும் என்று இளவரசரே ஆணையிட வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் எல்லார் முன்பும் அவமானத்தை வாங்கிக்கொண்டு, பகையாளியைப் பார்த்து 'உன்னை நேசிக்கிறேன்' என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சுற்றி நிற்பவர்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரிகிறது. நண்பன் மெர்குஷியோவால் அதைப் பொறுக்க முடியவில்லை. கேவலமான பணிவு என்று சொல்லித் தானே வாளை உருவுகிறான். ரோமியோ ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நிற்கிறான். நீட்டிய அவன் கைக்கு அடியில் புகுந்த டிபால்ட்டின் வாள் மெர்குஷியோவைக் குத்திவிடுகிறது.

"நீ ஏன் நடுவில் வந்தாய்? உன் கைக்கு அடியில்தான் எனக்குக் குத்து விழுந்தது" என்கிறான் சாகப்போகிறவன். "எல்லாம் நல்லதற்கென்றே நினைத்தேன்" என்கிறான் ரோமியோ. ஐந்து அங்கங்களிலும் என்னை அதிகம் உலுக்குகிற வரி இதுதான்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஷேக்ஸ்பியர் இந்தக் கதையைத் தானாகக் கற்பனை செய்யவில்லை. 1562-இல் ஆர்தர் புரூக் என்பவர் எழுதிய நீண்ட ஆங்கிலக் கவிதையிலிருந்து எடுத்தார். அதன் முன்னுரை, பெற்றோர் சொல் கேட்காமல் தகாத ஆசையில் விழுந்தவர்களின் கதை என்று காதலர்களைக் கண்டிக்கிறது. அதாவது உங்கள் கேள்வியில் இருக்கிற தீர்ப்பைத்தான் புரூக் தருகிறார். அவர் கவிதையில் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. மெர்குஷியோ விருந்துக் காட்சியில் கொஞ்சம் தலைகாட்டுவதோடு சரி. அவன் சாவும், அந்த நீட்டிய கையும் ஷேக்ஸ்பியர் சேர்த்தவை. புரூக்கின் கண்டிப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மாதங்களை ஐந்து நாளாகச் சுருக்கினார். நல்லது செய்யப்போன கையாலேயே எல்லாம் கெட்டுப்போகிற மாதிரி கதையைத் திருப்பினார்.

அவசரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜூலியட்டே மாடத்தில் நின்று, இது மிக வேகம், மிகத் திடீர் என்று பயப்படுகிறாள். அவளுக்கு 14 வயது நிறையவில்லை. வேகமாக ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவார்கள் என்று லாரன்ஸ் துறவி எச்சரிக்கிறார், ஆனால் அவரே கல்யாணத்தையும் செய்துவைக்கிறார், இதனால் இரண்டு குடும்பமும் சேரலாம் என்ற நம்பிக்கையில். மெர்குஷியோ செத்த செய்தி வந்ததும் ரோமியோ என்ன செய்கிறான்? பொறுமையை வானத்துக்கு அனுப்பிவிட்டு டிபால்ட்டைக் கொல்கிறான். அந்தக் குற்றம் அவனுடையதுதான், யார் மேலும் போட முடியாது. கேடு கெட்டவனாகவும் இல்லாமல், குறையே இல்லாதவனாகவும் இல்லாமல், ஒரு பிழையால் வீழ்கிறவன்தான் துயர நாயகன் என்று அரிஸ்டாட்டில் சொன்னதற்கு ரோமியோ பொருந்துவது இந்த இடத்தில்தான். பத்து நிமிடம் முன்பு ஊரிலேயே ஒரே சமாதானக்காரனாக நின்றவன் அவன்.

அப்புறம் அந்தக் கொலைக்குத் தண்டனையாக நாடு கடத்தல். துறவியின் அறையில் தரையில் விழுந்து புரண்டு அழுகிறான், தன்னையே குத்திக்கொள்ளப் பார்க்கிறான். பலருக்கு அவன் மேல் எரிச்சல் வருவது இங்கேதான், எனக்கும் வந்தது. பிறகு மான்டுவா நகரம். வீட்டார் பார்த்த கல்யாணத்திலிருந்து தப்பிக்க ஜூலியட் 42 மணி நேரம் பிணம் போலத் தூங்கவைக்கும் மருந்தைக் குடித்திருக்கிறாள் என்ற கடிதம் அவனுக்கு வந்து சேரவில்லை. அதைக் கொண்டுபோக வேண்டிய இன்னொரு துறவியைக் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி மட்டும் வேலைக்காரன் மூலம் போய்ச் சேர்கிறது.

அந்த நேரத்தில் அவன் பேச்சு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். முதல் அங்கத்தில் ரோசலினுக்காக அழுதபோது 'ஈயத்தால் ஆன இறகு, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம்' என்று ஒரே சொல் அலங்காரம். காதலைக் காதலித்துக்கொண்டிருந்த பையனின் பேச்சு அது. இப்போது "அப்படியா?" என்கிறான். விண்மீன்களைப் பார்த்து, உங்களை எதிர்க்கிறேன் என்கிறான். குதிரை ஏற்பாடு செய்யச் சொல்கிறான். பிறகு தனியாக, "சரி ஜூலியட், இன்றிரவு உன்னருகில் படுத்துக்கொள்கிறேன்." அழுகை கிடையாது, உவமை கிடையாது. ஐந்து நாளில் அந்தப் பையன் வளர்ந்துவிட்டான்.

கல்லறையில் பாரிஸ் அவனைத் தடுக்கிறான். ஜூலியட்டை மணக்கவிருந்தவன். இருட்டில் அவன் யாரென்று தெரியாமலே, நம்பிக்கை இழந்தவனைச் சீண்டாதே, போய்விடு என்று ரோமியோ கெஞ்சுகிறான். அவன் கேட்கவில்லை, சண்டையில் சாகிறான். ஜூலியட் பக்கத்தில் கிடத்து என்ற அவனுடைய கடைசி வேண்டுகோளை ரோமியோ நிறைவேற்றுகிறான். பிறகு அங்கே கிடக்கும் டிபால்ட்டின் உடலைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். ஆங்கிலத்தில் 'கசின்' என்று அழைக்கிறான். தமிழில் அந்த உறவுக்கு ஒற்றைச் சொல் கிடையாது, 'சொந்தக்காரா' என்று வைத்துக்கொள்ளலாம். தெருவில் அவன் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன வார்த்தை அது. உறவு கொண்டாட வாய் திறந்தபோது அதைக் கேட்க ஆள் இல்லை.

ஜூலியட்டின் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று வியக்கவும் செய்கிறான். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். அவனுக்குப் புரியவில்லை. விஷத்தைக் குடித்துவிடுகிறான்.

முழு நாடகத்தையும் மறுபடி படிக்க நேரம் இல்லையென்றால் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியை மட்டும் எடுத்து, டிபால்ட்டுக்கு ரோமியோ சொல்லும் பதிலை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து நேராகக் கல்லறைக் காட்சிக்குப் போய், டிபால்ட்டின் உடலைப் பார்த்து அவன் சொல்வதைப் படியுங்கள். அதற்குப் பிறகும் அவன் உங்களுக்கு அவசரக்கார விடலையாகவே தெரிந்தால், கருத்துப் பகுதியில் எழுதுங்கள், பேசலாம்.