குறைந்த கிலோமீட்டரா, முழுமையான ரசீதுகளா? பழைய சின்ன கார் வாங்குபவருக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: முதன்முறையாகக் கார் வாங்க இருக்கிறேன். கையில் இருக்கும் தொகை குறைவு என்பதால் பயன்படுத்திய சின்ன கார்களையே பார்த்து வருகிறேன். இப்போது இரண்டு கார்கள் கிடைத்துள்ளன. ஒன்று ஆறு ஆண்டு பழையது, 48,000 கிலோமீட்டர் ஓடியது, சிவிடி வகை ஆட்டோமேட்டிக். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சர்வீஸ் செய்ததற்கான ரசீது எதுவும் இல்லை. மற்றது ஒன்பது ஆண்டு பழையது, 1,10,000 கிலோமீட்டர் ஓடியது, மேனுவல் கியர். தொடக்கத்திலிருந்து எல்லா ரசீதுகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே விலை சொல்கிறார்கள். எதை வாங்கலாம், பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் தந்திருக்கும் விவரங்களை மட்டும் வைத்துச் சொல்வதானால், ஒன்பது ஆண்டு பழைய மேனுவல் காரை முதலில் போய்ப் பாருங்கள். வயதும் கிலோமீட்டரும் கூடுதலாக இருக்கும் காரை ஏன் முன்னால் வைக்கிறேன் என்பதற்குக் காரணம், சின்ன கார்களின் செலவுக் கணக்கிலேயே இருக்கிறது. இந்த வகைக் கார்களின் உதிரிபாகங்கள் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் ஒரு கியர்பாக்ஸை இறக்கி, பிரித்து, சரிசெய்து மீண்டும் ஏற்றுவதற்கு ஆகும் உழைப்பு, பெரிய காருக்கு ஆவதைவிட அப்படியொன்றும் குறைந்துவிடாது. அதனால் விலையுயர்ந்த காரில் பெரிய செலவு என்று மட்டும் சொல்லக்கூடிய ஒரு பழுது, பழைய சின்ன காரில் அந்தக் காரின் மதிப்பில் பாதியையே விழுங்கிவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ், உடற்கூடு ஆகிய மூன்றும்தான் அப்படி விழுங்கக்கூடியவை. டயர், பேட்டரி, பிரேக் பேட், கதவில் விழுந்த நசுங்கல் போன்ற மற்ற எல்லாம் விலைபேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. முதன்முறையாக வாங்குபவர்கள் பெரும்பாலும் கீறல்களை அரை மணிநேரம் ஆராய்ந்துவிட்டு, அந்த மூன்றையும் விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறார்கள்.

கிலோமீட்டர் கணக்கை முதலில் சரியாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆறு ஆண்டில் 48,000 என்றால் ஆண்டுக்கு 8,000, நாளொன்றுக்குச் சுமார் 22 கிலோமீட்டர். இது பெரும்பாலும் ஐந்தைந்து கிலோமீட்டராகத் துண்டுதுண்டாக ஓடிய தூரமாக இருக்கலாம். அப்படிக் குறுந்தூரம் ஓடும் எஞ்சினில் ஆயில் முழுச் சூட்டை எட்டுவதற்குள் வண்டி நின்றுவிடுவதால், உள்ளே படியும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆவியாகி வெளியேறாமல் ஆயிலிலேயே கலந்து தங்கிவிடுகின்றன. எனவேதான் உற்பத்தியாளர்கள் ஆயில் மாற்றத்துக்குக் கிலோமீட்டரோடு காலத்தையும் சேர்த்து வரம்பு வைக்கிறார்கள். பல கார்களில் அந்தக் கால வரம்பு ஓராண்டுதான். நான்கு ஆண்டுகளுக்கு ரசீதே இல்லாத ஒரு குறுந்தூரக் கார், ஒழுங்காக ஆயில் மாற்றப்பட்டு நாளொன்றுக்கு 33 கிலோமீட்டர் ஓடிய காரைவிட உள்ளே அதிகம் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

அந்த 48,000 உண்மைதானா என்பதும் தனியே பார்க்க வேண்டிய விஷயம். டிஜிட்டல் ஓடோமீட்டரின் எண்ணைக் குறைத்துக் காட்டக் கருவிகள் இருக்கின்றன. ஆகவே எண்ணை நம்புவதற்கு முன்பு பிரேக், ஆக்ஸிலரேட்டர் மிதிகளின் ரப்பரையும், ஸ்டியரிங் தோலையும், ஓட்டுநர் இருக்கையின் ஏறி இறங்கும் பக்கத்து ஓரத்தையும் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். குறைவாக ஓடியதாகச் சொல்லப்படும் காரில் நான்கு டயர்களும் காரைவிட மிகவும் இளையவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் போயின என்று கேளுங்கள்.

காரைப் பார்க்கப் போகும் நாளில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டின் மேல் கைவைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புவதில் தவறே இல்லை, ஏனெனில் ஓர் எஞ்சின் தன் நோயைக் காட்டிக்கொடுப்பது குளிர்ந்த நிலையில் உயிர்பெறும் அந்த முதல் நிமிடத்தில்தான். ஆயில் விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். புகைக்குழாய் அருகே வேறொருவரை நிற்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் மட்டும் நீலப்புகை ஒரு முறை வந்து மறைந்தால் வால்வு சீல்கள் தேய்ந்திருக்கலாம். ஓடும்போதும் நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்குகள்வரை சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி வருவது இயல்பு. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப்புகை, அதிலும் இனிப்பு கலந்த வாடையோடு வந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே எரிகிறது என்று பொருள். அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவு இருந்தால், கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் எஞ்சினுக்குள் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சிலர் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். குறுந்தூரம் ஓடும் காரில் அது வெறும் ஈரத்தாலும் வரும். கூலன்ட் தொட்டியில் அளவு குறைந்திருக்கிறதா, அதன் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிக்கும் நீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின், வண்டி நின்றபடி ஓடும்போது சற்றே அதிர்வது அதன் பிறவிக் குணம், அதற்காகப் பயப்பட வேண்டாம். அதிர்வு தாளமில்லாமல் விட்டுவிட்டு வந்தால் மட்டும் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நீங்கள் முதலில் பார்க்கப் போகும் காரின் ரசீதுகளில் தேட வேண்டிய வரி ஒன்று உண்டு. பிஸ்டன்களும் வால்வுகளும் ஒன்றோடொன்று ஒத்து இயங்கும்படி இணைப்பதற்கு அந்த எஞ்சினில் இருப்பது டைமிங் செயினா, டைமிங் பெல்ட்டா என்பதைக் கையேட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் அதற்குக் கிலோமீட்டர் வரம்பும் ஆண்டு வரம்பும் இருக்கும். எஞ்சினைப் பொறுத்து இது ஏறத்தாழ 60,000 முதல் 1,60,000 கிலோமீட்டர்வரை வேறுபடுகிறது. பல எஞ்சின்களில் அந்த பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் மோதும். அதன் பிறகு எஞ்சினைச் சீராக்குவதா, காரையே கழித்துக்கட்டுவதா என்ற கேள்விதான் மிஞ்சும். 1,10,000 ஓடிய காரில் பெல்ட் மாற்றிய ரசீது இருந்தால் அது அந்தக் காருக்கு ஒரு பெரிய பலம். இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வாங்கியதும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். அண்மைக்காலச் சிறிய எஞ்சின்கள் சிலவற்றில் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடுகிறது. அவற்றில் தவறான தரத்து ஆயிலை ஊற்றினால் பெல்ட் நைந்து, அதன் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். ஆகவே "ஆயில் மாற்றப்பட்டது" என்ற வரி போதாது. எந்தத் தரத்து ஆயில் என்பதும் ரசீதில் இருக்க வேண்டும்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். மேனுவல் காரில் கிளட்ச்சைச் சோதிக்க, ஆளில்லாத சாலையில் நான்காம் கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சினின் சுழற்சி மட்டும் எகிறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. நியூட்ரலில் நிற்கும்போது கேட்கும் உறுமல் கிளட்ச்சை மிதித்ததும் மறைந்தால் கியர்பாக்ஸின் உள்ளே இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்தால் அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். பின்னது விலை குறைந்த பாகம்தான், ஆனாலும் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைக்கும்போது பற்கள் உரசும் ஒலி வருகிறதா என்றும் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று உறவில்லாத பல அமைப்புகள் அடங்கியிருக்கின்றன. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்ச்சையும் கியர் மாற்றத்தையும் இயந்திரமே இயக்குவது. நீங்கள் சொல்லும் சிவிடி, இரண்டு கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டை ஓடும் அமைப்பு. அதன் ஆயுள் பெருமளவு அதற்கென்றே உள்ள திரவத்தின் தரத்தில் தங்கியிருக்கிறது. அந்தத் திரவம் உரிய காலத்தில் மாற்றப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லாத சிவிடி காரை, வேறு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், குறைந்த தொகையோடு வரும் ஒருவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓட்டிப் பார்ப்பதானால் குறைந்தது அரை மணிநேரம் ஓட்டி, திரவம் சூடான பிறகு நின்ற இடத்திலிருந்து மெதுவாக நகர்த்துங்கள். ஒரு மேட்டிலும் அப்படியே செய்யுங்கள். கிளம்பும்போது உதறல், வேகத்தோடு சேர்ந்து உயரும் ஊளை, ஏற்றத்தில் நழுவல் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் போதும், வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

உடற்கூட்டைப் பொறுத்தவரை, சின்ன காரின் முன்புறம் குறுகியது. மோதலின் அதிர்ச்சியை உள்வாங்க அதற்கு இருக்கும் இடமே கொஞ்சம். அந்த இடம் ஒருமுறை நசுங்கி அரைகுறையாக நிமிர்த்தப்பட்டிருந்தால் அடுத்த மோதலில் உங்களைக் காப்பாற்ற அது உதவாது. பானெட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் இடையிலான இடைவெளி இருபுறமும் ஒரே அளவில் இருக்கிறதா, அவற்றைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, ஸ்டெப்னியை எடுத்தால் டிக்கியின் அடித்தளம் சுருக்கமின்றி இருக்கிறதா என்று பாருங்கள். புகைக்குழாயின் துரு பெரிதல்ல. கதவுகளுக்குக் கீழே ஓடும் சட்டத்திலும் சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்களிலும் துரு தின்றிருந்தால் வாங்காதீர்கள். சீட்பெல்ட்டுகளை முழுநீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் சேற்றுக்கோடு தெரிந்தால் அந்தக் கார் வெள்ளத்தில் நின்றது. ஏர்பேக் விளக்கு சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அது எரியவே இல்லை என்றால், தொடர்ந்து எரிவதை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

காரின் அடையாள எண் 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. குழப்பம் வராமலிருக்க அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் இடம்பெறுவதில்லை. காரில் பொறித்திருக்கும் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைக் கொண்டே, உற்பத்தியாளர் திரும்ப அழைத்த குறைபாடு ஏதேனும் சரிசெய்யப்படாமல் நிற்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளின் விவகாரம் நினைவிருக்கலாம். வெப்பமும் ஈரமும் ஆண்டுக்கணக்கில் தாக்கியதால் வெடிமருந்து சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோகத் துண்டுகள் பறந்தன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. இத்தகைய திருத்தங்களை உற்பத்தியாளர் பொதுவாகக் கட்டணமின்றிச் செய்து தருவார் என்பதால் கேட்பதில் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

கார் சறுக்கும்போது சக்கரங்களுக்குத் தானாகவே பிரேக் பிடித்து அதை நிலைப்படுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். கட்டாயமாக்கப்படாத காலத்திலும் இடங்களிலும் சின்ன கார்களின் மலிவு ரகங்களில்தான் அது முதலில் விடுபட்டது. தொடுதிரைக்கும் அலாய் வீலுக்கும் கூடுதலாகத் தரும் பணத்தை இதற்குத் தாருங்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்திருந்தால், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய், மேலே தூக்கி அடிப்பகுதியையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஸ்கேனரை இணைக்கும்போது பிழைக் குறிகள் எதுவும் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், காரின் தற்சோதனைகள் முடிந்த நிலையில் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால் பிழைகள் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கலாம். இந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. கையில் இருக்கும் மொத்தத் தொகையையும் விலையாகக் கொடுத்துவிடாமல், ஆறில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்காக ஒதுக்கி வையுங்கள். ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட் ஆகியவற்றோடு பிரேக் திரவத்தையும் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது பிரேக்கைத் தளர்த்திவிடும்.

மூட்டுவலி போன்ற காரணத்தால் உங்களுக்கு ஆட்டோமேட்டிக்தான் தேவை என்றால் மட்டும், அந்த ஆறு ஆண்டு பழைய காரின் அடையாள எண்ணோடு உற்பத்தியாளரின் சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று, உரிமையாளரின் அனுமதியோடு அவர்களின் கணினிப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். ரசீதுகள் தொலைந்துபோனாலும் பதிவு அங்கே இருக்கக்கூடும். சிவிடி திரவம் மாற்றியதற்கும் ஆண்டுதோறும் ஆயில் மாற்றியதற்கும் அதில் சான்று கிடைத்தால், என் வரிசையை மாற்றிக்கொண்டு அந்தக் காரையே முதலில் பார்க்கச் சொல்வேன்.