16 ஜிபி மடிக்கணினியில் 2048 கட்டத் தரவு: பாராவியூ மூடிக்கொள்வது ஏன்?

வணக்கம். ஒவ்வொரு திசையிலும் 2048 புள்ளிகள் கொண்ட கொந்தளிப்பு ஓட்டக் கணிப்பின் ஒரே ஒரு நேரப்படியை (ஒரு கணத்தின் தரவை) மட்டும் திறந்தாலும், 16 ஜிபி நினைவகமுள்ள உங்கள் மடிக்கணினியில் பாராவியூ என்ற தரவுக் காட்சி மென்பொருள் மூடிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இது மென்பொருளின் பிழையன்று: ஏறத்தாழ 859 கோடி புள்ளிகளுக்குத் தலா 4 பைட் என்றால், ஒரு மாறிக்கே 34 ஜிபி ஆகிறது.

தரவைக் கீழே இறக்காமல், அது இருக்கும் கணினித் தொகுதியிலேயே பாராவியூவின் சேவையகப் பகுதியான பிவிசர்வரைப் பல செயல்முறைகளாக இயக்கி, மடிக்கணினியிலிருந்து அதனுடன் இணையுங்கள். இரு பக்கமும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும், பலர் தடுமாறுவது இங்கேதான். உங்கள் கோப்பு, பல செயல்முறைகள் பங்கிட்டுப் படிக்க முடியாத பழைய விடிகே கோப்பு வடிவில் இருப்பதால், துண்டுகளாகப் பிரித்த பிவிடிஐ வடிவுக்கு அதை முதலில் மாற்றிவிடுங்கள். கோணத்தையும் நிறத்தையும் தீர்மானிக்க மட்டுமென்றால், திசைக்கு நான்கில் ஒரு புள்ளியைக் கணிப்பு நிரலே தனியாக எழுதட்டும். 64இல் ஒரு பங்கான அந்தக் கோப்பு மடிக்கணினியிலேயே திறக்கும்.