இலங்கையில கருக்கலைப்பு சட்டப்படி எப்ப ஏலும்?

கருக்கலைப்பு எண்டா வயித்தில தங்கின கருவ வேணுமெண்டே கலைக்கிறது, தானாக் கலையிறது வேற. இங்க சட்டம் விட்டிரிக்கிறது ஒரேயொரு காரணத்துக்குத்தான், தாய்ர உயிரக் காப்பாத்துறதுக்கு. மட்டக்களப்பில மாரி வெள்ளம் ஊருக்குள்ள ஏறினாத்தான், வாவி கடலோட சேருற முகத்துவாரத்த வெட்டி விடுவாங்க, சும்மா நாள்ல கையே வைக்கமாட்டாங்கதானே, அதே மாதிரித்தான் இதுவும். பலாத்காரத்தால தங்கினாலும், புள்ள பொறந்தாலும் தப்பாதெண்டு ஸ்கேன்ல தெரிஞ்சாலும் சட்டத்தில இடமில்ல.

ஏன் இப்பிடி எண்டா, 1883ல வெள்ளைக்காரன் ஆட்சியில எழுதின தண்டனைச் சட்டக்கோவை, 303ம் பிரிவு, இன்னும் அதேதான். 3 வருஷம் வரைக்கும் மறியல், கரு அசையத் தொடங்கியிருந்தா 7 வருஷம் வரைக்கும், அதுவும் செஞ்சவரோட அந்தப் பொம்புளைக்கும் சேத்து. 1995ல மாத்தப் பாத்தாங்க, 2017லயும் பாத்தாங்க, எதிர்ப்பு வந்ததும் விட்டுட்டாங்க. இந்தியாவில கருக்கலைப்புக்கு இடம் குடுக்கிற தனிச்சட்டம் 1971லயே வந்திட்டு. பலாத்காரம் செஞ்சவன்ட பாரத்த ஒரு பொம்புளப்புள்ள பத்து மாசம் சுமக்கோணும் எண்டுறத என்னால ஏத்துக்கவே ஏலாது.

மறுகா, கலைஞ்சு ரத்தம் போனா பயந்து வீட்ட கிடக்காம உடன ஆஸ்பத்திரிக்குப் போங்க, வைத்தியம் எடுக்கிறது குற்றமில்ல.

அவசர கருத்தடை மாத்திரையும் கருக்கலைப்புத்தான் எண்டு கனபேர் நினைக்கிறாங்க, பிழை, அது முட்டை வெளியாகிறதப் பிந்த வைக்கிற மருந்து, தங்கின கருவ அது கலைக்காது.