மோன்செகூர்: நிற்கும் சுவர்கள் யாருடையவை?

தென் பிரான்சின் மோன்செகூர் குன்றுச்சியில் நீங்கள் படமெடுத்த சுவர்கள் கத்தாரிகளின் கோட்டையுடையவையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அச்சுவர்கள், கத்தாரிச் சமயத்தவர் (கத்தோலிக்கத் திருச்சபை சமய விரோதிகள் எனக் கண்டித்த இடைக்காலக் கிறித்தவப் பிரிவினர்) 1244 வரை முற்றுகையை எதிர்த்துக் காத்து நின்ற கோட்டையுடையவை அல்ல. அவ்வாண்டு மார்ச் 16 அன்று, நம்பிக்கையைக் கைவிட மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்ட பின், பழைய கோட்டை இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதிய நிலப்பிரபுக்களான லெவி குடும்பத்தார் எழுப்பிய கோட்டையின் சிதைவே அவை.

"கத்தாரிக் கோட்டை" என்னும் சுற்றுலாப் பெயரே உங்கள் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

வடக்குச் சுவருக்கு வெளியே எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். சரிவில் படிப்படியாக இறங்கும் தாழ்ந்த கல் அடித்தளங்கள் தெரிந்தால், முற்றுகைக்கு ஆளான மக்களின் வீடுகள் அவைதாம். முழங்கால் உயரமே உள்ள அக்கற்கள் மதிலைவிட மதிக்கத்தக்கவை.

கோடைத் திருப்பத்தன்று அம்புத் துளைகளில் பாயும் கதிரைக் கத்தாரி வழிபாட்டோடு இணைக்க வேண்டாம், அத்துளைகளும் பிற்காலத்தவையே.