‘ஆண்டவரே, என்னை லீடர் ஆக்குங்க’: ஜெபம் முழுக்கப் பதவியாக இருந்தால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் மகனுக்கு 9 வயது, மகளுக்கு 13. தினமும் குடும்ப ஜெபம் உண்டு. சில வாரங்களாக மகன், வகுப்பு லீடர் தேர்தலில் தன்னை ஜெயிக்க வைக்கும்படி மட்டுமே ஜெபிக்கிறான். “லீடர் ஆனா எல்லாரும் எனக்குப் பயப்படுவாங்க” என்கிறான். மகள் கூடவே உட்காருகிறாள், ஆனால் வாய் திறப்பதில்லை. பதவியையும் பேரையும் தேடாமல் ஆண்டவரைத் தேடும் பிள்ளைகளாக இவர்களை வளர்ப்பது எப்படி? என் கணவருக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நான் ஒருத்தி மட்டும் செய்தால் போதுமா?

பதில்: சகோதரி, எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபாருங்கள். “எல்லாரும் எனக்குப் பயப்படுவாங்க” என்று 9 வயதுப் பையன் சொன்னால், அவனே யாருக்காவது பயந்துகொண்டிருக்கலாம். வகுப்பில் அவனை அடிக்கிறார்களா, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குகிறார்களா? நேராகக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்றுதான் பதில் வரும். “இன்டர்வெல்ல யார்கூட இருப்பே? யார் பக்கத்துல உட்காரப் பிடிக்காது?” என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் ஆசிரியரிடம் பேசி அதைத் தீர்ப்பதுதான் முதல் வேலை. அடி வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தாழ்மையைப் பற்றிப் பாடம் எடுத்தால், ஆண்டவரும் அடிக்கிறவர்கள் பக்கம்தான் என்று அவன் முடிவுகட்டிவிடுவான்.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், “லீடர் ஆனா முதல் நாள் என்ன பண்ணுவே?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “பேசுறவங்க பேரை போர்டுல எழுதுவேன்” என்று வரலாம். “கடைசி பெஞ்சுல இருக்கிறவனுக்கு போர்டு தெரியல, அவனை முன்னால உட்கார வைக்கச் சொல்லி மிஸ்கிட்ட கேட்பேன்” என்றும் வரலாம். இரண்டும் ஒரே பிள்ளையின் வாயிலிருந்தே வரும். அந்த இரண்டாவதை நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பொறுப்பில் இருக்க ஆசைப்படுவதே பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வேதம் அப்படிச் சொல்லவில்லை. தானியேல் ராஜ்யத்தின் மூன்று பிரதானிகளில் ஒருவர். அந்தப் பதவியில் இருந்துகொண்டே தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். நெகேமியா 12 வருஷம் அதிபதியாக இருந்தும் அதிபதிகள் வாங்கும் படியை வாங்கவில்லை. ஜனங்களின்மேல் ஏற்கெனவே சுமை அதிகம் என்பதுதான் அவர் சொன்ன காரணம் (நெகேமியா 5). நாற்காலி அவர்கள் கையில் இருந்தது, மனதை அது பிடித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குச் சொல்லவேண்டிய வித்தியாசம் இதுதான்.

இனி உங்கள் வீட்டைப் பாருங்கள். ஆண்டவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் பிரசங்கத்தில் கற்பதைவிட, பெரியவர்கள் சத்தமாக ஜெபிப்பதைக் கேட்டுத்தான் அதிகம் கற்கிறார்கள். ஒரு வாரம் குடும்ப ஜெபத்தில் பெரியவர்கள் கேட்டவற்றை, ஜெபம் முடிந்தபின் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மார்க், வேலை உயர்வு, வீடு, விசா, உடல்நலம் ஒரு பக்கம். ஆண்டவரையே கேட்டது (அவரை அறிய, அவருக்குக் கீழ்ப்படிய, மன்னிக்க, மன்னிக்கப்பட) இன்னொரு பக்கம். பெரும்பாலான வீடுகளில் முதல் பக்கம் நிறைந்துவிடும், இரண்டாவது பக்கத்தில் ஓரிரு வரி இருக்கும். உங்கள் மகன் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, வீட்டில் கேட்ட ஜெபத்தைத் தன் வயதுக்கு ஏற்றபடி ஜெபிக்கிறான். மத்தேயு 20-ல் சீஷர்களான யாக்கோபுக்கும் யோவானுக்கும் இயேசுவின் ராஜ்யத்தில் வலதுபக்க, இடதுபக்க இடங்களைக் கேட்டு வந்தது அவர்களுடைய தாய் என்பதையும் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

வாக்குத்தத்த வசனங்களையும் கொஞ்சம் பாருங்கள். “கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்” என்று பரீட்சை நேரத்தில் சொல்லாத வீடு குறைவு. உபாகமம் 28-ல் அது ஒரு ஜனத்துக்குச் சொல்லப்பட்டது. கற்பனைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை அதே வசனத்தில் இருக்கிறது. பாதியை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு, பக்கத்து சீட்டுக்காரன் ‘வால்’ ஆகிவிடுகிறான். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்ற பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான் பந்தயத்துக்கு முன் சொல்லும் வசனமாகிவிட்டது. பவுல் அதைக் கட்டப்பட்டிருந்த நிலையில் எழுதினார். முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார். ‘எல்லாவற்றையும்’ என்பதில் தோற்பதும் அடக்கம். இந்த இரண்டையும் முழுப் பகுதியோடு வாசித்துக் காட்டினாலே 9 வயதுப் பையனுக்குப் புரியும். மனப்பாடத்துக்கு சங்கீதம் 27:4-ஐக் கொடுங்கள்: “கர்த்தரிடத்தில் ஒன்றை நான் கேட்டேன், அதையே நாடுவேன்.” ராஜாவான தாவீதின் பெயரில் உள்ள சங்கீதம் இது, அவர் கேட்கும் அந்த ஒன்று சிங்காசனம் இல்லை.

குடும்ப ஜெபத்தை 15 நிமிஷத்துக்குள் முடியுங்கள். அதற்கு மேல் போனால் அந்த வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு வேறெங்கோ போய்விடுவான். ஒரு பாட்டுச் சரணம், 10 முதல் 15 வசனம், ஒரே ஒரு கேள்வி, பிறகு 5 நிமிஷ ஜெபம். கேள்வி “இதுல நமக்கு என்ன பாடம்?” என்று இருக்கக் கூடாது, பிள்ளைகள் அதற்கு ‘கீழ்ப்படியணும்’ என்ற தயார் பதிலை வைத்திருப்பார்கள். “இவருக்கு உண்மையில என்ன வேணும்னு நினைக்கிறே?” என்று கேளுங்கள். ஜெபத்துக்குப் பரமண்டல ஜெபத்தின் வரிசை போதும். அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம் என்று மூன்று வேண்டுதல்கள் முடிந்தபிறகு, நான்காவதாகத்தான் ஆகாரம் வருகிறது. தனக்காகக் கேட்பதைத் தடுக்க வேண்டாம், வரிசையில் பின்னால் வைத்தால் போதும். மன்னிப்புக் கேட்கும் இடத்தில் பெரியவர்கள் முதலில் பேச வேண்டும், அதுவும் குறிப்பாக: “இன்னைக்குக் காலையில நான் கத்தினது தப்பு ஆண்டவரே.” அதிகாரம் உள்ளவர் தலைகுனிவதைப் பிள்ளை தன் வீட்டிலேயே பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை.

உங்கள் மகனின் விஷயத்துக்கு மாற்கு 10-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று இரவுக்கு வரும். முதல் இரவு 35 முதல் 45 வரை. யாக்கோபும் யோவானும் வந்து, தாங்கள் கேட்பதைச் செய்ய வேண்டும் என்கிறார்கள். இயேசு அவர்களிடம், நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். அவர்கள் கேட்பது இரண்டு சீட்டு. மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வருகிறது. அந்தப் பத்துப் பேருக்கு ஏன் கோபம் என்று மகனிடம் கேளுங்கள்; தங்களுக்கும் அதே ஆசை இருந்ததால்தான் என்று பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் இரவு 46 முதல் 52 வரை. வழியோரம் பிச்சைக்கு உட்கார்ந்திருக்கும் பர்திமேயு கூப்பிடுகிறான். இயேசு அவனிடமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார். அவன் கேட்பது பார்வை. கிடைத்ததும் வீட்டுக்கு ஓடாமல் இயேசுவின் பின்னால் போகிறான். இரண்டு பதில்களையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லுங்கள். கீழே ஒரு வரி காலியாக விட்டு, “இதே கேள்வியை உன்கிட்ட கேட்டா?” என்று எழுதிக் கொடுங்கள். அவன் ‘லீடர்’ என்று எழுதினால் எழுதட்டும், திருத்தாதீர்கள். மூன்றாம் இரவு 15-ம் அதிகாரத்தில் ஒரே வசனம், 27. இயேசுவின் வலதுபக்கத்திலும் இடதுபக்கத்திலும் கடைசியில் யார் இருந்தார்கள் (சிலுவையில் அறையப்பட்ட இரண்டு கள்ளர்) என்று அவனே வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதன்பின் விளக்கம் வேண்டாம்; அன்றைக்கு ஜெபத்தைச் சின்னதாக முடித்துவிட்டுத் தூங்க அனுப்புங்கள்.

எல்லாரும் கையில் எடுக்கும் சாலொமோன் கதையை இந்த நேரத்தில் ஜாக்கிரதையாகச் சொல்லுங்கள். ஞானத்தைக் கேட்டார், ஐசுவரியமும் சேர்ந்து கிடைத்தது என்று நிறுத்தினால், ‘சரியானதைக் கேட்டால் மற்றதும் இலவசம்’ என்ற கணக்கைத்தான் பிள்ளை போடும். 1 இராஜாக்கள் 3-ஐ வாசித்தால் 11-ஐயும் வாசியுங்கள். அவ்வளவு ஞானம் பெற்றவரின் இருதயம் வயதான காலத்தில் கர்த்தரைவிட்டு விலகியது.

வசனம் ஒப்பித்தால் சாக்லேட், அதிக வசனத்துக்கு மேடையில் பரிசு என்ற பழக்கத்தைப் பற்றி. 1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் ஆய்வாளர்களும் 3 முதல் 5 வயது வரையுள்ள, படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமிருந்த பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள், பிறகு தாமாக வரைவதற்குச் செலவிட்ட நேரம் மற்ற பிள்ளைகளின் நேரத்தில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே வீட்டில் வசனத்துக்கு விலை பேசாதீர்கள். ஞாயிறு பள்ளியில் பரிசு கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் எத்தனையாவது இடம் என்று கேட்காமல், எந்த வசனம் பிடித்தது என்று கேளுங்கள்.

கூடவே, வாரம் ஒரு வேலை யாருக்கும் தெரியாமல் செய்யக் கொடுங்கள்: எல்லாருடைய செருப்பையும் அடுக்கி வைப்பது, அக்காவின் சைக்கிளைத் துடைப்பது, வகுப்பில் விழுந்து கிடக்கும் காகிதத்தைப் பொறுக்குவது. நல்லதை மனுஷர் காணச் செய்யாமல் அந்தரங்கமாகச் செய்யச் சொல்லும் மத்தேயு 6-ன் தொடக்கத்தை முதல் நாள் மட்டும் வாசித்துக் காட்டினால் போதும். பெற்றோர் இதைக் கெடுத்துவிடுவது பெரும்பாலும் பெருமையால்தான். உறவினர் வந்ததும் “எங்க பையன் தானாவே செய்வான் தெரியுமா” என்று சொன்னால், அந்த நிமிஷமே அது மேடை வேலையாகிவிடும். உங்களுக்குத் தெரிந்தாலும் தெரியாததுபோல் இருந்துவிடுங்கள்.

தேர்தல் நாளுக்கு: காலையில், “ஜெயிச்சா அன்பா இருக்க உதவி செய்ங்க, தோத்தா ஜெயிச்சவனுக்குக் கை கொடுக்க உதவி செய்ங்க” என்று இரண்டு வாக்கிய ஜெபம் போதும். தோற்று வந்தால் அன்று மாலையே “கர்த்தருக்குச் சித்தமில்லை” என்று முடித்துவைக்காதீர்கள், “அடுத்த வருஷம் பாரு” என்றும் வேண்டாம். முதலாவது ஆண்டவரை எதிராளி ஆக்கும், இரண்டாவது ஆசைக்குத் தண்ணீர் ஊற்றும். அழட்டும். “உனக்குக் கஷ்டமா இருக்குன்னு அவர்கிட்டயே சொல்லு” என்று சொல்லுங்கள். சங்கீதங்களில் பாதிக்கு மேல் இல்லாவிட்டாலும் ஏராளமானவை இப்படிப்பட்ட முறையீடுகள்தான். ஜெயித்தால் கேக் வெட்டுவதற்கு முன், கடைசி பெஞ்சுப் பையனை ஞாபகப்படுத்துங்கள்.

மகளுக்கு வேறு வழி வேண்டும். 13 வயதில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவிசுவாசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சத்தமாக ஜெபிக்கும்படி வற்புறுத்தாதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, அத்தனை பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒவ்வொரு இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கினார், ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்தபிறகும் அந்த வியாழக்கிழமை மாலையை அவர் தாயிடம் நினைவுகூர்ந்து கேட்டார். நீங்களும் மகளுக்கென்று வாரம் ஒரு நாள் 20 நிமிஷம் வையுங்கள், போன் இல்லாமல், முடிந்தால் நடந்துகொண்டே. பாதி நேரம் படிப்பும் தோழிகளுமாகப் போகும், போகட்டும். என்றாவது ஒரு நாள் எரேமியா 45-ஐச் சேர்ந்து வாசியுங்கள், ஐந்தே வசனம். சோர்ந்துபோன எழுத்தரான பாருக்கிடம் கர்த்தர், “நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே” என்கிறார். ‘உனக்கு’ என்பதை அவள் கவனிப்பாள். லைக், மார்க், மற்றவர்களோடு ஒப்பிடுவது எல்லாம் அங்கிருந்து அவளே பேச ஆரம்பிக்கக்கூடும். ஆண்டவர் இருக்கிறாரா என்றே கேட்டால் அதிர்ச்சி காட்டாமல், “எதனால அப்படித் தோணுது?” என்று கேளுங்கள்.

கடைசியாக, உங்கள் கணவர். தன் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பவுல் எழுதும்போது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் மட்டுமே பெயர் சொல்கிறார்; தகப்பன் கிரேக்கர் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. ஆகவே தனியாகத் தொடங்கலாம், தயங்க வேண்டாம். பிள்ளைகள் முன்னால் “அப்பா ஜெபத்துக்கே வர்றதில்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஜெபத்தையே வீட்டுச் சண்டையின் ஆயுதமாக்கிவிடும். ஜெபம் நடத்தச் சொல்லாமல், அவருக்கு எளிதான ஒன்றைக் கேளுங்கள்: சாப்பிடும்போது, வேலையிடத்தில் தன் கையில் அதிகாரம் இருந்தும் ஒருவரை மிரட்டாமல் விட்டது, அல்லது மேலதிகாரி ஒருவர் தன்னை மரியாதையாக நடத்தியது, இப்படி ஏதாவது ஒன்றை வாரம் ஒருமுறை மகனிடம் சொல்லட்டும். ‘லீடர்’ என்றால் என்னவென்று அப்பா வாயால் கேட்க அந்தப் பையன் காத்திருப்பான்.